ஸ்லாட் கார் டயரின் பிடிப்பை உயர்த்துவது எப்படி?

(காட்சி: வளைவில் பின்பகுதி வெளியே வீசப்பட்டு, பள்ளத்தை விட்டு விலகும் 1:32 அளவு கார்.)

வணக்கம். டிராக்கில் உள்ள பள்ளத்தின் வழியே மின்சாரத்தில் ஓடும் சிறு பந்தயக் கார்தான் ஸ்லாட் கார். அது இப்படி வாலை வீசிக்கொண்டு வெளியேறும்போது, புதிய டயர் வாங்க வேண்டும் என்றோ, காரின் அடியில் வலுவான காந்தம் வேண்டும் என்றோதான் பலருக்கும் முதலில் தோன்றுகிறது. ஆனால் இப்போதிருக்கும் டயரின் முழு அகலமும் டிராக்கைத் தொடுகிறதா என்று பார்க்காமல் செய்யும் எந்த மாற்றமும் அரைகுறைப் பலனையே தரும்.

(காட்சி: பின் டயர், மிக அருகில்.)

கவனியுங்கள். டயரின் நடுவே மெல்லிய கோடு ஒன்று சுற்றி ஓடுகிறது. அது வார்ப்பு அச்சின் இரு பாதிகளும் சேர்ந்த இடம். கார் அந்தக் கோட்டின் மீது நிற்கும்வரை, இருபுறமும் உள்ள ரப்பருக்கு வேலையே இல்லை. ரிம் சற்றுக் கோணலாக இருந்தாலோ, ஆக்சில் அதைத் தாங்கும் புஷ்ஷுக்குள் ஆடினாலோ, சக்கரம் ஒவ்வொரு சுற்றிலும் துள்ளி, துள்ளும் கணத்தில் பிடியை இழக்கிறது.

ஆகவே முதலில் ஆக்சிலைச் சரிபார்த்து, டயரைக் கழற்றி, ரிம்மில் மெல்லிய பசையைச் சீராகத் தடவி ஒட்டிவிடுங்கள். ஒட்டாத டயர் வேகத்தில் ரிம்மின் மேல் வழுக்கும்; தேய்த்துச் சமப்படுத்திய பிறகும் இடம் மாறிவிடும்.

(காட்சி: தட்டையான பலகையில் ஒட்டிய உப்புத்தாள்.)

பசை நன்றாகக் காய்ந்தபின், டயரின் மேற்பரப்பு முழுவதும் மார்க்கர் பேனாவால் கோடு தீட்டுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு, மோட்டாருக்குக் குறைந்த மின்னழுத்தம் கொடுத்துச் சக்கரங்களைச் சுழலவிட்டு, 150 எண் உப்புத்தாளின் மீது அவற்றை மிக லேசாக, இரண்டு சக்கரங்களும் ஒரே நேரத்தில் படும்படி இறக்க வேண்டும். அழுத்தினால் ரப்பர் சூடேறி இழுபடும் என்பதால், அடிக்கடி நிறுத்தி ஆறவிடுவது நல்லது. மை அழிந்த இடம் மேடு, மை தங்கிய இடம் பள்ளம். முழு அகலத்திலும் மை மறையும்போது டயர் உருண்டையாகவும் தட்டையாகவும் ஆகிவிட்டது என்று பொருள். பிறகு 400 எண் தாளால் மெருகேற்றி, வெளி விளிம்பை மட்டும் சற்று உருட்டிவிடுங்கள். கூர்மையான விளிம்பு டிராக்கில் கடித்துக்கொண்டால் கார் வழுக்குவதற்குப் பதிலாகக் கவிழ்ந்துவிடும்.

ரப்பர், யூரித்தேன் இரண்டுக்கும் இந்த முறை பொருந்தும். சிலிக்கான் டயரை மட்டும் இப்படித் தேய்க்க முயல வேண்டாம். அது சீராகத் தேயாது. சிலிக்கானின் பிடிப்பு அதன் வழவழப்பான பரப்பில் இருக்கிறது, தூசி படிந்தவுடன் அது போய்விடுகிறது. மேலும், ரப்பர் டயர்கள் டிராக்கில் விட்டுச்செல்லும் படிவு சிலிக்கானுக்கு ஒத்துவருவதில்லை என்பதால், இரண்டையும் ஒரே டிராக்கில் கலந்து ஓட்டாமலிருப்பதே நல்லது.

(காட்சி: ஒட்டும் பக்கம் மேலாக வைத்த மாஸ்கிங் டேப்பின் மீது உருளும் சக்கரம்.)

சுத்தம் செய்ய இதுவே போதும். டேப்பில் ஒட்டிவரும் சாம்பல் நிறத் தூசியைப் பார்த்தால், பஞ்சு பிரியாத துணியால் டிராக்கையும் துடைப்பீர்கள்.

ரப்பரில் எண்ணெய் தடவி மென்மையாக்கும் பழக்கம் உண்டு. அதை நான் பரிந்துரைப்பதில்லை: ரப்பர் உப்பி, உழைத்துக் கொண்டுவந்த வடிவம் கெடும், எண்ணெய் டிராக்கிலும் படிந்து மற்றவர்களின் கார்களையும் வழுக்கவைக்கும்.

முன் டயர்களுக்குத் தேவை நேர்மாறானது. வளைவில் வழிகாட்டுவது, காரின் முன்பக்க அடியிலிருந்து டிராக்கின் பள்ளத்தில் இறங்கிய கைடு என்ற சிறு தகடுதான். முன் சக்கரங்கள் பிடித்தால் இழுவை மட்டுமே மிஞ்சும். அவற்றின் மீது நெயில் பாலிஷ் பூசிக் கெட்டிப்படுத்துவது எளிய, நல்ல வழி.

கடைசியாகக் காந்தம். எஃகுத் தண்டவாளம் உள்ள பிளாஸ்டிக் டிராக்கில் அது காரைக் கீழே இழுத்துப் பிடிக்கும்; செப்பு நாடா பதித்த மர டிராக்கில் அதற்கு எந்த வேலையும் இல்லை. டயரைச் சோதிக்கும்போது காந்தத்தைக் கழற்றிவிட்டே ஓட்டுங்கள். அதன் இழுப்பு இருக்கும்வரை டயரின் குறை வெளியே தெரியாது; எல்லை தாண்டினாலோ, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் கார் சட்டெனப் பறந்துவிடும்.