சிம்கோ கொண்டுவந்த சட்டமும் குளோயி கூலியும்

வணக்கம் நேயர்களே. ஓகஸ்ட் முதல் திங்கட்கிழமை ரொறன்ரோவில் விடுமுறை. சிம்கோ தினம் என்று அதற்குப் பெயர். அந்த ஜோன் கிரேவ்ஸ் சிம்கோவைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன். நம்மவர்கள் நிறைந்து வாழும் ஸ்காபரோவுக்கு அந்தப் பெயர் வந்தது அவருடைய மனைவி எலிசபெத்தால். ஏரிக்கரையின் உயர்ந்த மண்மேடுகளை 1793இல் பார்த்தபோது, யோர்க்‌ஷயரில் உள்ள ஸ்காபரோ அவருக்கு நினைவு வந்திருக்கிறது.

சிம்கோ 1752இல் இங்கிலாந்தில் பிறந்தவர். கடற்படை அதிகாரியான தகப்பன், கியூபெக் போருக்குப் போகும் வழியில் கப்பலிலேயே நோயில் இறந்தபோது இவருக்கு ஏழு வயது. வளர்ந்து தரைப்படையில் சேர்ந்தார். அமெரிக்க விடுதலைப் போரில் பிரித்தானியர் பக்கம் நின்ற குயின்ஸ் ரேஞ்சர்ஸ் படைக்குத் தலைமை தாங்கினார். திறமையான தளபதிதான். ஆனால் 1778 மார்ச்சில் நியூ ஜெர்சியில் ஒரு வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவர்களை அவருடைய படையினர் குத்திக் கொன்றதையும் சொல்லாமல் விடக்கூடாது. செத்தவர்களில் வீட்டுக்காரரும் ஒருவர். அவர் பிரித்தானிய மன்னரை ஆதரித்தவர்!

1792இல் மேல் கனடாவின், அதாவது இன்றைய தென் ஒன்ராறியோவின், முதல் துணைநிலை ஆளுநராக இங்கே வந்தார். யோர்க் நகரை நிறுவினார், யங் வீதியை வெட்டுவித்தார். அந்த யோர்க்தான் பிறகு ரொறன்ரோ ஆனது. இதெல்லாம் பலருக்கும் தெரிந்ததுதான். நான் சொல்ல வந்தது வேறு.

1793 மார்ச்சில், நயாகரா ஆற்றங்கரையில், குளோயி கூலி என்ற கறுப்பினப் பெண்ணை அவரது எசமான் வ்ரூமன் கட்டிப் படகில் ஏற்றினான். அக்கரையில் அமெரிக்காவில் விற்பதற்காக. அவர் அலறினார், திமிறினார், கடைசிவரை போராடினார். அதைக் கண்ட பீட்டர் மார்ட்டின், முன்னாள் படைவீரர், அவரும் கறுப்பினத்தவர், நேரே சிம்கோவிடம் போய் முறையிட்டார். வ்ரூமனைத் தண்டிக்க அன்றைய சட்டத்தில் வழியில்லை.

அடிமைமுறையை அடியோடு ஒழிக்க சிம்கோ விரும்பினார். சட்டமன்றத்தில் இருந்தவர்களில் பலர் அடிமைகளை வைத்திருந்தார்கள்; விடுவார்களா? இழுபறிக்குப் பிறகு ஜூலையில் நிறைவேறிய சட்டம் புதிதாக அடிமைகளைக் கொண்டுவரத் தடை விதித்தது. இனிப் பிறக்கும் பிள்ளைகளுக்கு 25 வயதில் விடுதலை என்றது. ஏற்கெனவே அடிமையாக இருந்த ஒருவரையும் அது விடுவிக்கவில்லை. அக்கரைக்குக் கொண்டுபோய் விற்பதையும் தடுக்கவில்லை. ஆகவே குளோயி கூலிக்கு நடந்தது மறுநாளே இன்னொரு பெண்ணுக்கும் நடந்திருக்கலாம்.

ஆனாலும் பிரித்தானியக் குடியேற்றங்களில் அடிமைமுறைக்கு எல்லை போட்ட முதல் சட்டம் அது. சிம்கோவின் பிடிவாதம் இல்லாமல் அந்த மன்றத்தில் அது தேறியிருக்காது. அந்தப் பெருமை அவருக்கு உரியதே. ஆனால் அதற்கு வித்திட்டது குளோயி கூலியின் போராட்டம். விடுமுறை நாளில் சிம்கோவின் பெயரோடு அவருடைய பெயரையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் உண்டு. 1797இல் இதே சிம்கோ, இன்றைய ஹெயிட்டியில் பிரித்தானியப் படைக்குத் தலைமை தாங்கினார். தோட்ட முதலாளிகளின் பழைய ஒழுங்கைக் காக்க நின்ற படை அது. எதிரில் நின்றது, அடிமைத்தளையை அறுத்தவர்களைத் திரட்டிய துசேன் லூவெர்த்தூரின் படை. இங்கே சட்டம் போட்டவர் அங்கே அப்படிப் போய் நின்றதை என்னால் ஏற்க முடியவில்லை.

சில மாதங்களில் நாடு திரும்பிவிட்டார். 1806இல் இந்தியாவுக்குப் படைத்தலைவராக நியமித்தார்கள். போய்ச் சேரவில்லை, அந்த ஒக்டோபரில் இங்கிலாந்தின் எக்சிட்டரில் காலமானார். நன்றி, வணக்கம்.