வேர் அடைத்துவைக்கும் நஞ்சு

அவையில் கூடியிருக்கும் பெரியோர்களுக்கும் மாணவ நண்பர்களுக்கும் என் வணக்கம்.

தண்ணீர் நிற்கும் வயலில் நன்றாகத் தூர்கட்டிய நெற்பயிர் ஒன்றைப் பிடுங்கி, சேற்றை அலசிவிட்டு அதன் வேரைப் பாருங்கள். முதிர்ந்த வேர்கள் துருப்பிடித்த கம்பியைப் போலச் செம்பழுப்பாக இருக்கும். புதிதாக நீளும் நுனிகள் மட்டும் வெளுத்திருக்கும். தண்டின் வழியே வேருக்கு இறங்கும் ஆக்சிஜன் வெளியே கசிந்து, சேற்றில் கரைந்திருக்கும் இரும்பைத் துருவாக்கி வேரின்மேல் படியவைக்கிறது. அளவு மிஞ்சினால் நெல்லுக்கு நஞ்சாகும் இரும்பில் ஒரு பகுதியை வேர் இவ்வாறு வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. காட்மியம் என்னும் நச்சு உலோகத்திடம் இந்தக் காவல் அவ்வளவாகச் செல்லுபடியாவதில்லை.

ஜப்பானில் ஜின்சூ ஆற்றின் மேற்பகுதியில் உள்ள காமியோக்கா சுரங்கத்திலிருந்து வெளியேறிய காட்மியம், அந்த ஆற்றுநீர் பாய்ந்த தொயாமா சமவெளியின் வயல்களில் படிந்தது. அங்கே விளைந்த அரிசியை உண்டு வாழ்ந்தவர்களில் பலருக்கு, குறிப்பாக வயது முதிர்ந்த பெண்களுக்கு, சிறுநீரகம் கெட்டு எலும்புகள் மென்மையாகி முறிந்தன. ‘வலிக்கிறதே, வலிக்கிறதே’ என்று பொருள்படும் ‘இத்தாய் இத்தாய்’ என்ற அவர்களது அலறலே நோயின் பெயராயிற்று. சுரங்கக் காட்மியமே காரணம் என்று ஜப்பானிய அரசு 1968இல் ஏற்றுக்கொண்டது. இதில் என் நெஞ்சை இன்றும் உறுத்துவது ஒன்றுண்டு: மனிதருக்குத் தீங்கு செய்யும் அளவு காட்மியம் அரிசியில் ஏறியிருக்கும்போதும் பயிர் பசுமையாகவே நிற்கக்கூடும். கதிரைப் பார்த்து உழவர் எதையும் அறிய முடியாது.

காட்மியம் எப்படி உள்ளே நுழைகிறது? நெல்லுக்கு மாங்கனீசு வேண்டும். அதை உள்ளே இழுக்க வேரின் உயிரணுச் சவ்வில் என்ராம்ப்5 என்னும் புரதம் இருக்கிறது. அந்த வழியாகவே காட்மியமும் புகுந்துவிடுகிறது. புகுந்ததை வேர் சும்மா விடுவதில்லை. குளூட்டாதயோன் என்னும் சிறு மூலக்கூறுகளைக் கோத்துப் பைட்டோகெலாட்டின் என்னும் சிறு சங்கிலிகளை உண்டாக்குகிறது. அவற்றிலுள்ள கந்தகம் காட்மியத்தை இறுகப் பற்றிக்கொள்கிறது. இதோடு, எச்எம்ஏ3 என்னும் மற்றொரு புரதம் காட்மியத்தை உயிரணுவுக்குள் இருக்கும் வாக்குவோல் என்ற திரவப்பைக்குள் தள்ளி அடைக்கிறது. அங்கே அடைபட்டது தண்டுக்கும் தானியத்துக்கும் எளிதில் ஏறாது.

இந்த அடைப்பு எவ்வளவு நுட்பமானது என்பதை 2010இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. தண்டிலும் இலையிலும் காட்மியத்தை மிகுதியாகச் சேர்க்கும் ‘அஞ்சனா தான்’ என்ற நெல் வகையை ஆராய்ந்தபோது, அதன் எச்எம்ஏ3 புரதத்தில் 80ஆவது இடத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருந்தது தெரியவந்தது. அந்த ஒரு மாற்றத்தால் புரதம் செயலிழக்க, வேரில் தங்கவேண்டிய நஞ்சு மேலே ஏறிவிடுகிறது.

2012இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வாசலையே மூட முடியும் என்று காட்டினார்கள். கார்பன் அயனிக் கற்றையால் கோஷிஹிகாரி நெல்லில் மரபு மாற்றங்களை உண்டாக்கி, என்ராம்ப்5 பழுதான செடிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். மாசுபட்ட வயலில் வளர்ந்தும் அவற்றின் அரிசியில் காட்மியம் ஏறக்குறைய இல்லை. மாங்கனீசு வரத்து குறைந்தபோதிலும் விளைச்சல் குறிப்பிடும்படி பாதிக்கப்படவில்லை.

இதை நான் பெரிதாகக் கருதுவதற்குத் தண்ணீரோடு தொடர்புடைய காரணம் உண்டு. வயலில் நீரைத் தேக்கினால் காட்மியம் கந்தகத்தோடு சேர்ந்து கரையாமல் மண்ணிலேயே கிடக்கும். ஆனால் அதே நீர்த்தேக்கம் மண்ணின் இரும்புத் துருவைக் கரைத்து அதில் ஒட்டியிருந்த ஆர்செனிக் என்னும் மற்றொரு நஞ்சை விடுவிக்கும், அதுவோ சிலிக்கான் செல்லும் வழியாக வேருக்குள் புகும். நீரை வடித்தால் ஆர்செனிக் குறையும், காட்மியம் கூடும். காட்மியத்துக்கு வேரிலேயே கதவடைத்த நெல்லை நட்டவர், ஆர்செனிக்கைக் கருதி வயலைத் துணிந்து காயவிடலாம்.