ஷார்த்ருக்கு 45 நிமிடமா? ஒரு ராத்திரி தங்குங்கள் மக்களே!

வணக்கம் மக்களே. இன்று கொஞ்சம் கோபமாகத்தான் பேசப்போகிறேன். நம் சேனல் பார்க்கிற ஒருவர் ஒரு டூர் பேக்கேஜ் விவரத்தை அனுப்பி, "இது சரியா இருக்கா, பாத்துச் சொல்லுங்க" என்று கேட்டிருந்தார். பாரிஸிலிருந்து லுவார் ஆற்றுப் பக்கத்து அரண்மனைகளுக்குப் போகிற பஸ். வழியில் ஷார்த்ர் என்ற ஊர். அதற்கு எதிரே என்ன போட்டிருக்கிறார்கள் தெரியுமா? "போட்டோ ஸ்டாப், 45 நிமிடம், கழிப்பறை வசதி உண்டு." அவ்வளவுதான். 800 வருடத்துப் பேராலயத்துக்கு அவர்கள் கண்ட சிறப்பு கழிப்பறை வசதி!

நான் இப்போதுதான் அங்கே தங்கிவிட்டு வந்திருக்கிறேன். எடிட்டிங் இன்னும் முடியவில்லை. ஆனால் இதைப் பார்த்தபிறகு சும்மா இருக்க முடியவில்லை, அதனால் முதலில் பேசிவிடுகிறேன். காட்சிகள் அடுத்தடுத்து வரும்.

ஷார்த்ர் பாரிஸுக்குத் தென்மேற்கே 90 கிலோமீட்டர் போல. மோன்பர்னாஸ் ஸ்டேஷனில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். அது போஸ் சமவெளி, கோதுமை விளைகிற பூமி. மேடும் இல்லை, மலையும் இல்லை, கண்ணுக்கெட்டியவரை வயல். அந்த வயலுக்கு மேலே திடீரென்று இரண்டு கோபுரம் தெரியும். ஊர் தெரிவதற்கு முன்னால் கோயில் தெரிகிறது. இதற்காகவாவது ரயிலில் போனைக் கீழே வையுங்கள்.

அந்த இரண்டு கோபுரமும் ஒன்றுபோல இருக்காது. தெற்குக் கோபுரம் 12ஆம் நூற்றாண்டு, 105 மீட்டர், அலங்காரமே இல்லாமல் நேராக ஊசிபோல ஏறுகிறது. வடக்குக் கோபுரத்தின் மரக்கூம்பு 1506இல் இடி விழுந்து எரிந்துபோனது. பிறகு ஜெஹான் த போஸ் என்ற சிற்பி அதைக் கல்லிலேயே, பூவேலையெல்லாம் போட்டு, 113 மீட்டருக்குக் கட்டினார். எல்லாரும் வடக்கைத்தான் போட்டோ எடுக்கிறார்கள். எனக்குத் தெற்குதான் பிடிக்கும். தேவையில்லாத ஒரு கோடு அதில் கிடையாது.

சரி, வெள்ளிக்கிழமை விஷயத்துக்கு வருகிறேன். இதைப் பற்றி நான் எவ்வளவு பேசினாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். பேராலயத்தின் நடுக்கூடத்துத் தரையில், 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பதித்த ஒரு லேபிரிந்த், அதாவது வளைந்து வளைந்து மையத்துக்குப் போகிற நடைபாதை, இருக்கிறது. குறுக்களவு கிட்டத்தட்ட 13 மீட்டர். 11 வளையம். வழி ஒன்றே ஒன்றுதான், முட்டுச்சந்து கிடையாது. மையத்தைத் தொட 260 மீட்டருக்குச் சற்று மேல் நடக்கவேண்டும். வருடத்தின் பெரும்பாலான நாட்களில் அதன்மேல் நாற்காலி வரிசை போட்டிருப்பார்கள். நாற்காலிக் கால்களுக்கு இடையில் கறுப்புக் கல் நாலு தெரியும், அவ்வளவுதான். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்திலிருந்து நவம்பர் 1, சகல புனிதர் திருநாள் வரை, பொதுவாக வெள்ளிக்கிழமைகளில் மட்டும் நாற்காலியை எடுத்துவிடுகிறார்கள்.

என் பழக்கம் உங்களுக்குத் தெரியும், ரயில் டிக்கெட் போடும் முன்னால் கோயில் நேரத்தைப் பார்த்துவிடுவேன். அதனால் முழுப் பயணத்தையும் இந்த ஒரு வெள்ளியைச் சுற்றித்தான் போட்டேன். ஹோட்டல் வியாழன் ராத்திரி. கதவு திறக்கிற நேரத்துக்கே வாசலில் நின்றேன், ராஜவாசலைப் பார்த்துக்கொண்டே. ஐயோ, அதைச் சொல்லாமல் உள்ளே போகக்கூடாது. மேற்கு முகப்பின் மூன்று வாசல்களுக்கும் சேர்த்து ராஜவாசல் என்று பெயர். 1145 வாக்கில் தொடங்கிய சிற்பங்கள். வலதுபக்க வாசலின் வளைவில், அந்தக் காலத்துப் பாடங்களான ஏழு கலைகளையும் பெண்களாகச் செதுக்கியிருக்கிறார்கள். அதில் இலக்கணம் ஒரு டீச்சர். கையில் பிரம்பு, காலடியில் இரண்டு பிள்ளைகள். 900 வருடமாக அந்தப் பிள்ளைகள் பாடம் படித்துக்கொண்டிருக்கிறார்கள். இந்த ஊரில் அப்போது பெரிய கல்விக்கூடம் இருந்தது, அதனால்தான் கோயில் வாசலிலேயே படிப்புக்கு இடம்.

உள்ளே போனால் தரை முழுக்கக் காலி. நாற்காலி ஒன்றுகூட இல்லை. லேபிரிந்த் அப்படியே விரிந்து கிடக்கிறது. எனக்குக் கை நடுங்கியது, வீடியோவில் பார்ப்பீர்கள். முழுதாக நடந்து முடிக்க அரைமணி நேரத்துக்கும் மேல் ஆனது, ஏனென்றால் முன்னால் போகிறவரை யாரும் முந்துவதில்லை. ஒரு பாட்டி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார். மையத்துக்குக் கிட்டத்தில் வந்துவிட்டோம் என்று நினைக்கும்போது வழி உங்களை வெளி வளையத்துக்குத் தள்ளிவிடும். மையத்தில் ஆறு இதழ் வடிவம், அதன் நடுவில் தேய்ந்துபோன உலோக ஆணித் தலைகள். ஒருகாலத்தில் அங்கே செப்புத் தகடு இருந்தது, பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில், 1792இல், பெயர்த்தெடுத்துவிட்டார்கள். அந்த ஆணிகளைத் தொட்டுப் பார்த்தேன், வழவழவென்று குளிர்ந்திருந்தது. 45 நிமிட பஸ்காரர்களுக்கு இது கிடைக்குமா?

அடுத்தது ஜன்னல்களின் வண்ணக் கண்ணாடி. உலகத்தில் 13ஆம் நூற்றாண்டுக் கண்ணாடி இந்த அளவுக்கு ஒரே இடத்தில் மிஞ்சியிருப்பது வேறெங்கும் பார்க்க முடியாது. 170க்கும் மேற்பட்ட ஜன்னல்கள், சுமார் 2,600 சதுர மீட்டர். என் பழைய பைனாகுலரை நீங்கள் எல்லா வீடியோவிலும் பார்த்திருக்கிறீர்கள். ஷார்த்ருக்கு அது கட்டாயம், கழுத்து வலித்தாலும் பரவாயில்லை. எல்லாரும் மேலே ரோஜா ஜன்னல் என்கிற பெரிய வட்ட ஜன்னலைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். நீங்கள் பக்கவாட்டு ஜன்னல்களுக்குப் போய் அடியிலிருந்து பாருங்கள். கதையே பெரும்பாலும் கீழிருந்து மேலேதான் போகும்.

தெற்குப் பக்கம், பைபிளில் வருகிற நல்ல சமாரியன் கதையைச் சொல்கிற ஜன்னல். அடிக்கட்டத்தில் செருப்புத் தைக்கிறவர்கள் குனிந்து வேலை செய்கிறார்கள். எதிர்ப்பக்கம் நோவா ஜன்னல், அதன் அடியில் தச்சர்கள், சக்கரம் செய்கிறவர்கள், பீப்பாய் செய்கிறவர்கள். கப்பல் கட்டின கதைக்குக் கீழே ஊர்த் தச்சர் உட்கார்ந்திருக்கிறார், எவ்வளவு பொருத்தம்! இந்தத் தொழிலாளிகள்தான் காசு போட்டு ஜன்னலைக் கொடுத்தார்களா, அல்லது அவர்களிடம் வரி வாங்கியவர்கள் அப்படி வரையச் சொன்னார்களா என்று ஆய்வாளர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். எது எப்படியோ, ராஜாக்களின் படம் இருக்கிற அதே கோயிலில் செருப்புத் தைக்கிறவர் படமும் இருக்கிறது. அந்த நூலை அவர் இழுக்கிற இழுப்பைப் பைனாகுலரில் பார்த்தபோது, இந்தப் பயணத்துக்கு இதுவே போதும் என்று தோன்றியது.

வெளிச்சமும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. காலையில் பீடத்துப் பக்கம் எரியும். உச்சிவேளையில் தெற்கு ரோஜா. சாயங்காலம் ஆனால்தான் மேற்கு முகப்பின் மூன்று நீள ஜன்னல்களுக்கு முறை வரும். அவை முந்தைய பேராலயம் எரிந்த 1194 தீ விபத்துக்கும் முந்தியவை, 12ஆம் நூற்றாண்டுக் கண்ணாடி. நீலம் என்றால் அதுதான் நீலம். சூரியன் மேற்கே சாய்கிறவரை காத்திருந்தால் மட்டும்தான் அது முழுசாகக் கிடைக்கும். தெற்குப் பக்கத்தில் அழகிய ஜன்னல் மாதா என்று கொண்டாடுகிற பழைய கண்ணாடி இருக்கிறது. அதன் நடுப்பகுதியும் தீக்குத் தப்பியதுதான். சிவப்புப் பின்னணியில் மாதாவின் நீல உடை. அங்கே பெஞ்சு இருந்தால் உட்காருங்கள், எழுந்திருக்க மனசு வராது.

இப்போது சாப்பாட்டுக் கதை. இதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. ஜன்னல் பார்த்துவிட்டு வெளியே வரும்போது மணி இரண்டு பத்து. கோயில் பக்கத்துத் தெருவில் ஓர் உணவகம், பலகையில் மதியச் சாப்பாடு 19 யூரோ 50 என்று அழகாகச் சாக்பீஸில் எழுதியிருந்தது. உள்ளே ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். வெளியே பாதி மேசை காலி. போய் நின்றால் "சமையலறை மூடிவிட்டது". பத்து நிமிடம்! ஒரு சூப்? இல்லை. சாலட்? இல்லை. காபி வேண்டுமானால் உட்காரலாமாம். பசியோடு வருகிறவனுக்குக் காபி எதற்கு? பிரான்ஸில் சின்ன ஊர்களில் மதியச் சாப்பாடு பன்னிரண்டிலிருந்து இரண்டு வரைதான் என்று நான் எத்தனை வீடியோவில் சொல்லியிருக்கிறேன், அந்த வழக்கம் எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. உலகம் முழுக்க வந்து குவிகிற ஊரில், பத்து நிமிடம் தாண்டினதுக்கு ஒரு தட்டு சாலட் கொடுக்க என்ன கஷ்டம்? பக்கத்துத் தெருவில் இன்னொன்று, அங்கேயும் அதே பதில்.

ஆனால் பாருங்கள், மூன்றாவது தெருவில் ஒரு பேக்கரி. ஆட்டுப்பால் சீஸும் தேனும் வைத்த பகெத் ரொட்டி, 5 யூரோ 80. அப்போதுதான் சுட்டது, பிளக்கும்போது மேலோடு நொறுங்குகிற சத்தம் மைக்கில் கேட்கும், போடுகிறேன். கூடவே மென்ஷிகோஃப் என்று இந்த ஊர் இனிப்பு. உள்ளே பிரலின் சாக்லேட், மேலே முட்டை வெள்ளையும் சர்க்கரையும் சேர்த்த வெள்ளை மெரிங். 1893இல் பிரான்ஸும் ரஷ்யாவும் கூட்டணி சேர்ந்த காலத்தில் வந்தது, அதனால்தான் அந்த ரஷ்யப் பெயர். 19 யூரோ 50க்கு உட்கார்ந்திருந்தால் இவ்வளவு ருசியாகச் சாப்பிட்டிருப்பேனா? மாட்டேன்.

அட, கண்ணாடியில் முக்கியமான ஒன்றை விட்டுவிட்டேன், திரும்பிப் போவோம். இவ்வளவும் எப்படித் தப்பியது? 1939இல் போர் வருகிறது என்று தெரிந்ததும் ஜன்னல்களை எல்லாம் கழற்றிப் பத்திரப்படுத்திவிட்டார்கள். அப்புறம் 1944 ஆகஸ்ட் 16. கோபுரத்தில் ஜெர்மானியர்கள் ஒளிந்திருப்பதாகச் சந்தேகம், பேராலயத்தைச் சுடலாம் என்ற நிலை. வெல்போர்ன் கிரிஃபித் என்ற அமெரிக்கக் கர்னல், நானே போய்ப் பார்க்கிறேன் என்று கோபுரம் ஏறிப் பார்த்துவிட்டு, யாரும் இல்லை என்று சொல்லிச் சுடுவதை நிறுத்தினார். அதே நாள் பக்கத்து லேவ் என்ற ஊரில் சண்டையில் இறந்துபோனார். கழற்றிய ஜன்னல்கள் திரும்பி வர இந்தப் பேராலயம் நின்றதற்கு அவருக்கு நன்றி சொல்லவேண்டும்.

உள்ளே சுவர் ஏன் இவ்வளவு வெளுப்பு என்று கமெண்டில் கேட்பீர்கள், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். 2009இலிருந்து உள்பக்கத்தைச் சுத்தம் செய்து வருகிறார்கள். நூற்றாண்டுக் கணக்கான மெழுகுவர்த்திப் புகை போனதும் 13ஆம் நூற்றாண்டின் இளம் மஞ்சள் பூச்சு வெளியே வந்தது. இருட்டில் கண்ணாடி மின்னுகிற அழகு போய்விட்டது என்று பலர் கொதித்தார்கள். எனக்குச் சுவர் பிடித்திருக்கிறது. கட்டியவர்கள் பார்த்த நிறம் அது. ஆனால் தூண் மாதா விஷயத்தில் நான் எதிர்க்கட்சி. தலைமுறை தலைமுறையாகக் கறுப்பு மாதா என்று மக்கள் மெழுகுவர்த்தி ஏற்றின சிலைக்கு முகத்தை வெளுப்பாக்கிவிட்டார்கள். பழைய ஓவியப்படி சரியாகவே இருக்கட்டும். கும்பிட வருகிறவர்களின் மாதா அந்தக் கறுப்பு மாதாதானே. அதைத் தொட்டிருக்கக்கூடாது.

பச்சைக் கூரையையும் சொல்லவேண்டும். 1836இல் மரக்கூரை முழுக்க எரிந்துபோய், இரும்புச் சட்டமும் மேலே செப்புத் தகடும் போட்டார்கள். செம்பு களிம்பேறின பச்சைதான் தூரத்திலிருந்து தெரிகிறது.

மதியத்துக்குமேல் கீழூருக்கு இறங்குங்கள். மேட்டிலிருந்து ஆற்றங்கரைக்குச் சரிந்து இறங்குகிற பகுதி அது. ஆற்றின் பெயர் ஓர் (Eure). அதன் ஓரமாகப் பழைய துணி துவைக்கிற கொட்டகைகள், மரச்சட்ட வீடுகள், சின்னச் சின்னக் கல்பாலம். கூட்டமே இல்லை. புனித பேதுரு ஆலயம் ஒன்று அங்கே இருக்கிறது, அதன் கண்ணாடியும் பழையது, உள்ளே இரண்டு பேர்தான் இருந்தார்கள்.

ராத்திரி தங்கச் சொல்கிறேனே, அதற்கு இதுதான் காரணம். வசந்தத்தில் தொடங்கி மாதக்கணக்கில் ஒவ்வொரு இரவும் பேராலயத்தின் மேலும் ஊரின் மற்ற கட்டடங்கள் மேலும் வண்ண ஒளி பாய்ச்சுகிறார்கள், டிக்கெட் கிடையாது. ராஜவாசலின் சிற்பங்களுக்கு ஒவ்வொன்றாக நிறம் ஏறுவதைப் பார்க்கவேண்டும். அந்தக் காலத்தில் இவற்றுக்கு உண்மையிலேயே வண்ணம் பூசியிருந்தார்கள். ஜூனில் அங்கே இருட்டவே பத்து மணி தாண்டிவிடும். பாரிஸிலிருந்து பகலில் வந்து போகிறவர்களுக்கு இதெல்லாம் கிடைக்காது.

ஆக, அந்த பேக்கேஜ் அனுப்பிய நண்பரே, பஸ்ஸை விடுங்கள். வியாழன் மதியம் மோன்பர்னாஸில் ரயில் ஏறுங்கள். அன்று சாயங்காலம் மேற்கு ஜன்னல், ராத்திரி விளக்கு, வெள்ளி காலை லேபிரிந்த். போகும் முன்னால் அன்றைக்கு நாற்காலி எடுக்கிறார்களா என்று பேராலயத்தின் அறிவிப்பில் ஒருமுறை பார்த்துவிடுங்கள், விசேஷம் ஏதாவது இருந்தால் மாறும். பேராலயத்துக்குள் போகக் கட்டணம் இல்லை, கோபுரத்துக்கும் நிலவறைக்கும்தான் டிக்கெட். பைனாகுலர் இல்லையென்றால் கடன் வாங்கியாவது கொண்டுபோங்கள். மதியச் சாப்பாட்டுக்கு ஒன்றரைக்குள் உட்கார்ந்துவிடுங்கள்.

கல்லறைத் தோட்டத்தில் வேலை பார்த்த ரேமோன் இசிதோர், உடைந்த பீங்கான் துண்டுகளை வைத்தே வீடு முழுக்க அலங்கரித்த பிக்காசியெத் வீடு இதே ஊரில்தான். அதற்குத் தனி வீடியோ போடுகிறேன், இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுகிற வீடு அல்ல அது. ஷார்த்ர் பற்றிக் கேள்வி இருந்தால் கீழே கேளுங்கள், பார்க்கலாம்.