பேயா, பனியா? நான் பனியின் பக்கம்

நடுவர் ஐயா அவர்களே, எதிரணியில் இருக்கும் அண்ணன்மாரே, இந்தக் குளிரிலும் கம்பளியைச் சுற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கும் அம்மாமாரே, அக்காமாரே, தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம். சைலன்ட் ஹில் என்ற திகில் வீடியோ கேம் வரிசையைப் பற்றித்தான் இன்றைய பட்டிமன்றம், தலைப்பு உங்களுக்குத் தெரியும்: "சைலன்ட் ஹில் கேம்களில் நம்மை உறையவைப்பது பேயா, பனியா?" எனக்கு முன்னால் பேசிய அண்ணன் பேய்தான் என்றார். இரண்டாம் பாகத்தில் வரும் பிரமிட் ஹெட் என்ற பேய் தன் பெரிய கத்தியைத் தரையில் இழுத்துக்கொண்டு வரும் சத்தத்தை மைக்கிலேயே செய்து காட்டிக் கைதட்டும் வாங்கினார். பனி, அதாவது அந்த ஊரை மூடிக்கிடக்கும் மூடுபனி, பழைய மெஷினின் பலவீனத்தை மூட எடுத்த போர்வை, அதற்கு ஏன் இவ்வளவு மரியாதை என்றும் கேட்டார். அந்தக் கேள்விக்கே முதலில் வருகிறேன். அவர் சொன்னதில் பாதி உண்மை.

1999இல் கொனாமி முதல் சைலன்ட் ஹில்லைப் பிளேஸ்டேஷனுக்குக் கொண்டுவந்தபோது, ஒரு முழு டவுனைத் தூரம்வரை வரைந்து காட்ட அந்தச் சின்னப் பெட்டியால் முடியவில்லை. நடக்க நடக்கக் கட்டடங்கள் முன்னால் திடீர் திடீரென்று முளைக்கும். அதை மறைக்கத்தான் பகலில் பனியையும் இரவில் இருட்டையும் போட்டார்கள். சரி, ஒப்புக்கொள்கிறேன். அப்புறம் 25 வருடம் கழித்து, 2024 அக்டோபரில், போலந்து நாட்டு புளூபர் டீம் இரண்டாம் பாகத்தை அடியிலிருந்து புதிதாகச் செய்து பிளேஸ்டேஷன் 5க்குக் கொடுத்தார்களே, அப்போது என்ன பலவீனம் இருந்தது? ஊரின் கடைசி வீடுவரை தெளிவாகக் காட்டியிருக்கலாம். கேமராவைத் தோளுக்குப் பின்னால் கொண்டுவந்தார்கள், சண்டை போடும் முறையை மாற்றினார்கள், பாத்திரங்களின் முகத்தையே மாற்றினார்கள். பனியை எடுக்க மட்டும் அவர்களுக்கு மனம் வரவில்லை. மெஷினுக்காக வந்த பனி என்றால் மெஷின் வளர்ந்த அன்றே அது போயிருக்க வேண்டும், இல்லையா ஐயா?

நான் இலங்கை மலையகத்தில் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். மேட்டு லயம், தொழிலாளர் வரிசை வீடுகள். காலையில் அம்மா வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்துக்குப் போய்விடுவார், தம்பியைக் கூட்டிக்கொண்டு நான் பள்ளிக்கூடத்துக்கு இறங்க வேண்டும். பனி இறங்கிய நாட்களில் எதிரே வரும் லொறியின் லைட்டு தெரிவதற்கு முன்னால் ஹோர்ன் சத்தம்தான் கேட்கும். தம்பி கையை உதறிக்கொண்டு முன்னால் ஓடுவான். நாலு எட்டு வைத்தவுடன் ஆளைக் காணாது, சப்பாத்துச் சத்தம் மட்டும் டக் டக் என்று போய்க்கொண்டே இருக்கும், நான் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே பின்னால் ஓடுவேன். தேயிலைக்குள் சிறுத்தை இருக்கிறது என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அதைக் கண்ணால் கண்டவர்கள் எங்கள் லயத்தில் இரண்டு மூன்று பேர்தான், ஆனால் பயப்படாதவர் ஒருவரும் இல்லை.

கொழும்பில் கடையில் வேலை செய்த எங்கள் அண்ணன் ஒரு தீபாவளிக்குப் பழைய பிளேஸ்டேஷன் 2 ஒன்றை வாங்கிவந்தார். முதல் சைலன்ட் ஹில்லை அதில்தான் பார்த்தேன். ஹாரி மேசன் என்ற அப்பா, கார் விபத்துக்குப் பிறகு கண் விழிக்கிறார். பக்கத்தில் இருந்த மகள் செரிலைக் காணவில்லை. எழுந்து நடந்தால் பனிக்குள் கொஞ்சத் தூரத்தில் ஒரு சின்னப் பிள்ளையின் உருவம் நிற்கிறது, இவர் கிட்டப் போகப் போக அது தள்ளிப் போகிறது. அப்புறம் காலடிச் சத்தம் மட்டும். அந்த இடத்தில் பேய் ஒன்றும் இன்னும் வரவில்லை. நான் கையில் இருந்த கொன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டேன். தம்பி எங்கே என்று உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் மறுபடி எடுத்தேன்.

பேய்கள் வந்த பிறகும் அந்தக் கேம் என்ன செய்கிறது பாருங்கள். ஹாரியின் கையில் ஒரு சின்ன ரேடியோ கிடைக்கிறது. ஏதாவது கிட்ட வந்தால் அது கரகரக்கும். எந்தப் பக்கம், எவ்வளவு தூரம், எத்தனை என்று ஒன்றும் சொல்லாது. பேய் வந்து நின்ற பிறகு ஓடலாம், சுடலாம், அடிக்கலாம், கைக்கு வேலை கிடைத்துவிடுகிறது. ரேடியோ கரகரக்கத் தொடங்கி, பேய் பனியைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும்வரை உள்ள அந்தச் சில விநாடிகள் இருக்கிறதே, அதற்காகத்தான் நான் இந்தக் கேமை ஆடுகிறேன். அண்ணன் ரெசிடென்ட் ஈவில் என்ற இன்னொரு திகில் கேமையும் இழுத்தார். 1996இல் வந்த அந்த முதல் பாகத்தை நானும் மதிக்கிறேன், ஜன்னலை உடைத்துக்கொண்டு நாய் பாயும் இடத்தில் நானும் துள்ளியிருக்கிறேன். ஆனால் நாய் பாய்ந்து முடிந்ததும் அந்தத் துள்ளலும் முடிந்துவிடுகிறது, அடுத்த கவலை தோட்டா எத்தனை மிச்சம் என்பதுதான்.

இப்போது பிரமிட் ஹெட்டுக்கு வருகிறேன். 2001இல் வந்த இரண்டாம் பாகத்தின் கதையைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது. இன்னும் ஆடாதவர்கள் தயவுசெய்து கொஞ்ச நேரம் காதைப் பொத்திக்கொள்ளுங்கள், உண்மையாகவே சொல்கிறேன், இந்தக் கதை தெரியாமல் ஆடுவது ஒரு பாக்கியம்.

ஜேம்ஸ் என்று ஒருவர். அவர் மனைவி மேரி நோயில் இறந்து மூன்று வருடம். அந்த மேரியிடமிருந்து கடிதம் வருகிறது, நமக்குப் பிடித்த அந்த இடத்தில் காத்திருக்கிறேன் என்று. அவர் தேடிப் போகிறார். தொடக்கத்திலேயே ஏரிக்கரையோரமாக ஒரு நீண்ட காட்டுப்பாதை, நடந்தால் முடியவே முடியாது, ஒன்றும் வராது, ஏதோ உறுமுவது போல ஒரு சத்தம், தன் காலடிச் சத்தம், பனி. பல நிமிடம் பேயே இல்லாமல் நம்மை நடக்கவிட்ட அந்தத் துணிச்சலை நான் வேறு எந்தக் கேமிலும் பார்க்கவில்லை. நடந்துகொண்டிருக்கும்போதே திரும்பிப் போகலாமா என்று கை யோசிக்கும்.

கடைசியில் தெரியவருவது என்ன? மேரி நோயால் இறக்கவில்லை. மூன்று வருடமும் ஆகவில்லை. படுக்கையில் கிடந்தவரை ஜேம்ஸே தலையணையால் அழுத்திக் கொன்றிருக்கிறார், கொன்றதைத் தனக்கே மறைத்துக்கொண்டு தேடி வந்திருக்கிறார். கேம் போகப்போக அவர் பையில் இருக்கும் கடிதத்திலிருந்து எழுத்து மறைந்துவிடும், வெறும் தாள் ஆகிவிடும். ஊருக்குள் இருந்த பனி அவர் தலைக்குள் இருந்த பனிதான். அதே ஊரில் லோரா என்று எட்டு வயதுப் பிள்ளை ஒன்று தனியாகத் திரிகிறது, ஒரு பேயும் அதை ஒன்றும் செய்வதில்லை, அது எதற்கும் பயப்படுவதும் இல்லை. அந்தப் பிள்ளையிடம் மறைக்க ஒன்றும் இல்லை. பிரமிட் ஹெட்டே தன்னைத் தண்டிக்க ஒருவன் வேண்டும் என்று ஜேம்ஸின் மனம் உண்டாக்கியவன், அதை அவரே கடைசியில் சொல்லுகிறார். சொன்ன பிறகு பிரமிட் ஹெட்டுக்கு வேலை இல்லை, ஈட்டியால் தன்னைத்தானே குத்திக்கொண்டு முடிகிறான். அண்ணன் மைக்கில் இழுத்துக் காட்டிய அந்தக் கத்தி, ஐயா, ஜேம்ஸ் மறந்துபோன ஒன்றிலிருந்து வந்தது.

இதற்குச் சாட்சி வேண்டுமா? 2008இல் ஹோம்கமிங் என்று ஒரு பாகம் வந்தது. வேறு ஆள், வேறு குடும்பம், வேறு குற்றம். அதிலும் பிரமிட் ஹெட்டைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அதே தலை, அதே கத்தி. நான் அதை ஆடினேன், ரசித்தேன் என்றுகூடச் சொல்வேன், கதாநாயகன் நன்றாக விலகி விலகிச் சண்டை போடுவான். ஆனால் பிரமிட் ஹெட் வந்தபோது எனக்குத் தெரிந்தவரைக் கண்டது போல இருந்ததே தவிர ஒரு மயிர்க்கூச்சமும் இல்லை. பேய்தான் பயம் என்றால் அதே பேயைக் கண்டு அதே பயம் வந்திருக்க வேண்டும்.

இன்னொன்று சொல்ல வேண்டும், இது எனக்குக் கொஞ்சம் கஷ்டமான விஷயம். இரண்டாம் பாகத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முடிவுகள் உண்டு. எந்த முடிவு வேண்டும் என்று கேம் நம்மிடம் கேட்காது. நாம் ஆடும்போது சத்தம் இல்லாமல் நம்மைக் கவனித்துக்கொண்டிருக்கும். ஏஞ்சலா என்ற பெண் கொடுத்த கத்தியை எடுத்து எடுத்துப் பார்க்கிறோமா, அடிபட்ட பிறகு மருந்து எடுக்காமலே ஓடுகிறோமா, மேரியின் படத்தையும் கடிதத்தையும் திறந்து பார்க்கிறோமா, மேரியைப் போலவே இருக்கும் மரியா என்பவளோடு ஒட்டி நடக்கிறோமா, எல்லாவற்றுக்கும் கணக்கு வைக்கும். நான் முதல் தடவை ஆடியபோது மருந்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று காயத்தோடேயே ஓடினேன், அந்தக் கத்தியில் ஏதாவது துப்பு இருக்கும் என்று பல தடவை எடுத்துப் பார்த்தேன், மேரியின் படத்தைத் திறந்ததே இல்லை. எனக்குக் கிடைத்த முடிவில் ஜேம்ஸ் காரோடு ஏரிக்குள் போய்விட்டார்.

அந்த வருடம் எங்கள் அப்பாயி படுக்கையில் கிடந்தார். உள் காம்பராவில். தைல வாசமும் இருமலும். அம்மா மலைக்குப் போகும்முன் கஞ்சி ஊட்டிவிட்டுப் போவார், பள்ளிக்கூடம் விட்டு வந்து நான் பக்கத்தில் உட்கார வேண்டும், அவ்வளவுதான் என் வேலை. நான் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு டீவிக்கு முன்னால் போய்விடுவேன். மேரியின் கடைசிக் கடிதத்தை அந்தக் கேம் வாசித்துக் காட்டியபோது, பக்கத்து அறையில் அப்பாயி இருமினார். எழுந்து போய்க் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தேன். என்னடி இந்த நேரத்தில் என்று கேட்டார். எந்தப் பேய் ஐயா என்னை எழுப்பி அங்கே கொண்டுபோய் உட்காரவைத்தது? நான் பார்க்க விரும்பாமல் மூடி வைத்திருந்த ஒன்று, அந்தப் பனிக்குள்ளிருந்து வந்து என் முன்னால் நின்றது.

அண்ணன் பி.டி.யைச் சொல்லுவார் என்று தெரியும். 2014 ஆகஸ்டில் கேம் இயக்குநர் கொஜிமாவும் சினிமா இயக்குநர் டெல் டோரோவும் சேர்ந்து, வரவிருந்த ஒரு புதிய சைலன்ட் ஹில்லுக்காக வெளியிட்ட சின்ன முன்னோட்டம் அது; அடுத்த வருடமே அந்தக் கேம் கைவிடப்பட்டது, முன்னோட்டமும் கடையிலிருந்து எடுக்கப்பட்டது. அந்த முன்னோட்டத்தில் பனி இல்லை, லீசா என்ற பேய் இருக்கிறது. சரிதான். ஆனால் அதில் இருப்பது ஒரு கொரிடோர், நடுவில் ஒரு வளைவு, அந்த வளைவுக்கு அப்பால் என்ன என்று தெரியாது, திரும்பத் திரும்ப அதே வளைவுக்குத்தான் போக வேண்டும். பனி செய்யும் வேலையை அங்கே ஒரு சுவர் செய்கிறது. 2004இல் வந்த நான்காம் பாகம், 302ஆம் இலக்க அறைக்குள் ஹென்றி பூட்டப்பட்டுக் கிடக்கும் கதை, அதை வைத்து எதிரணி வாதாடினால் அந்த ஒரு பாகத்தை விட்டுக்கொடுக்கிறேன், அங்கே பனிக்குப் பெரிய வேலை இல்லை.

2025 செப்டம்பரில் வந்த சைலன்ட் ஹில் எஃப் என்ன சொல்கிறது? அமெரிக்க டவுனை விட்டுவிட்டு 1960களின் ஜப்பானுக்குப் போய்விட்டார்கள். ஏரி இல்லை, ஜேம்ஸ் இல்லை, பிரமிட் ஹெட் இல்லை. பள்ளி மாணவி ஹினாகோ, மலையடிவாரத்து ஊர், ஒடுங்கிய சந்துகள். அண்ணன் கொண்டாடும் பேய்களைப் பழைய ஊரிலேயே விட்டுவிட்டு வந்தவர்கள், பனியைக் கையோடு கொண்டுவந்தார்கள். அந்தச் சந்துகளைப் பார்த்தபோது எங்கள் லயத்துக்கு இறங்கும் படிக்கட்டுதான் ஞாபகம் வந்தது.

மணி அடித்துவிட்டார்கள், இன்னும் ஒன்று மட்டும். எங்கள் மவுசாகலை நீர்த்தேக்கத்துக்குள் பழைய மஸ்கெலியா டவுன் கிடக்கிறது. தண்ணீர் வற்றினால் பழைய கோயில் வெளியே தெரியும், அப்போது ஆட்கள் கூட்டமாகப் போய்ப் பார்ப்பார்கள், படம் எடுப்பார்கள். தண்ணீர் நிறைந்து, பனியும் இறங்கி, அக்கரை எது என்று தெரியாத நாளில் அந்தக் கரையில் நின்று பாருங்கள், ஒருவரும் சத்தமாகப் பேசமாட்டார்கள். இரண்டாம் பாகத்தில் ஜேம்ஸ் பனிக்குள் துடுப்புப் போட்டு டொலூக்கா ஏரியைக் கடக்கும் இடம் எனக்கு எப்போதும் அப்படித்தான் இருந்தது.

2012இல் இரண்டாம், மூன்றாம் பாகங்களைச் சேர்த்து எச்டி தொகுப்பு என்று வெளியிட்டார்கள். பழைய கேமை எழுதிய மூல நிரலின் (சோர்ஸ் கோடின்) முடிந்த பிரதி அவர்களிடம் இல்லை, பாதியில் இருந்ததை வைத்துத்தான் வேலை செய்தார்கள். பேய் ஒன்றும் குறையவில்லை. நர்ஸ் உருவத்தில் வரும் பேய்கள் இருந்தார்கள், பிரமிட் ஹெட் இருந்தான், கத்தியும் இருந்தது. பனி மட்டும் கெட்டுப்போனது, பல இடத்தில் மெலிந்துவிட்டது. ஏரியில் படகு போகும்போது தண்ணீர் எங்கே முடிகிறது என்று கோடு போட்டது போலத் தெரிந்தது. உலகம் முழுக்க ரசிகர்கள் கொதித்தார்கள், கம்ப்யூட்டர் பதிப்பை எடுத்துத் தாங்களே உட்கார்ந்து பழைய பனியைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள், கூலி வாங்காமல். அடுத்துப் பேச வரும் எதிரணி அண்ணன் அந்தப் பதிப்பில் பேய் எல்லாம் இருந்தும் பயம் எங்கே போனது என்பதற்கு முதலில் பதில் சொல்லட்டும், மற்றதெல்லாம் பிறகு பேசட்டும். நன்றி, வணக்கம்.