கெட் என்று எழுதினால், யாருடைய கெட்?

(திரையில்: கோப்புகளுக்கு நடுவே கன்னாபின்னாவென்று அம்புகள்)

சின்ன பைத்தான் ப்ராஜெக்ட்தான், ஆனால் அனலைசர் (கோடை ஓட்டாமலே படித்துப் பார்க்கும் கருவி) வரைந்து கொடுத்த டிபென்டென்சி படத்தை, அதாவது எந்தக் கோப்பு எதை நம்பி இருக்கிறது என்ற படத்தைப் பாருங்கள், சிக்கு விழுந்த நூல்கண்டு மாதிரி இருக்கிறது. இதில் நிறைய அம்பு பொய்.

பொய் எங்கிருந்து வருகிறது? எக்ஸ் டாட் கெட் என்று ஒரு வரி. ஜாவா என்றால் எக்ஸ் என்ன டைப் என்று கோடிலேயே தெரிந்துவிடும். பைத்தானில் அது டிக்‌ஷனரியாக இருக்கலாம், க்யூவாக இருக்கலாம், நீங்களே எழுதிய கேஷ் கிளாஸாகவும் இருக்கலாம், மூன்றிலும் கெட் உண்டு. பெயரை மட்டும் பார்க்கிற அனலைசர் நேராகக் கேஷுக்கு அம்பு விட்டுவிடும். அப்புறம் டிக்‌ஷனரியில் கெட் கூப்பிடுகிற ஒவ்வொரு கோப்பும் கேஷை நம்பி இருப்பதாகக் காட்டும். ஸ்மால்டாக் என்ற பழைய மொழியின் காலத்திலிருந்தே இருக்கும் தலைவலி இது.

சரி, வடிகட்டலாம். செல்ஃப் டாட் என்று தொடங்கினால் அந்த கிளாஸ், அதன் பேரன்ட், சைல்ட் கிளாஸ்கள், அவ்வளவுதான் (மிக்ஸின், அதாவது பல கிளாஸ்களில் சேர்த்துக்கொள்கிற துண்டு கிளாஸ், இருந்தால் மட்டும் கொஞ்சம் நிதானம்). 2015-ல் பைத்தான் 3.5-உடன் வந்த டைப் ஹின்ட் (மாறி என்ன டைப் என்று கோடில் எழுதும் குறிப்பு) இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஓடும்போது பைத்தான் அதைச் சரிபார்ப்பதில்லை என்பது நினைவிருக்கட்டும்.

எனக்குப் பிடித்த வழி, ஒரே மாறியின் மேல் கூப்பிடுகிற எல்லா மெத்தடையும் சேர்த்துப் பார்ப்பது.

(திரையில்: பில்.தள்ளுபடி(), அடுத்த வரியில் பில்.சேவ்())

சேவ் ஐந்து கிளாஸில் இருக்கிறது: இன்வாய்ஸ், கஸ்டமர், படம், செட்டிங்ஸ், ரிப்போர்ட். தள்ளுபடி இரண்டில்தான்: இன்வாய்ஸ், கொட்டேஷன். இரண்டும் இருப்பது இன்வாய்ஸில் மட்டும், ஆக ஐந்து அம்பில் நான்கு போயிற்று. நடுவில் யாராவது பில்லுக்கு வேறு எதையாவது அசைன் செய்திருந்தால் இந்தக் கணக்கு செல்லாது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு கோப்பில் அந்த கிளாஸின் இம்போர்ட் இல்லையென்றால் அம்பையே தூக்கிவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். ஃபங்ஷனுக்கு ஆர்குமென்டாக வருகிற ஆப்ஜெக்டுக்கு இம்போர்டே தேவையில்லை, அங்கே நீங்கள் வெட்டுவது நிஜ அம்பாக இருக்கும். கெட்ஆட்ர் (பெயரை ஸ்ட்ரிங்காகக் கொடுத்து மெத்தடை எடுக்கும் ஃபங்ஷன்) போட்டு, மெத்தட் பெயரையே ஸ்ட்ரிங்காக ஒட்டிக் கூப்பிடுகிற கோடில் நிலைமை இன்னும் மோசம், பெயர்கூட கோடில் முழுதாக இருக்காது.

அதனால் சந்தேகமானதை அழிக்காமல் புள்ளிக்கோடாக வைத்திருப்பதே என் பழக்கம். சுழல் டிபென்டென்சி (கோப்புகள் ஒன்றையொன்று சுற்றி நம்பி இருப்பது) தேடும்போது புள்ளிக்கோட்டை மறைத்துவிடுவேன், பயன்படாத ஃபங்ஷனை நீக்கப் போகிறேன் என்றால் ஒன்று விடாமல் எண்ணுவேன், ஏனென்றால் அங்கே ஒரு அம்பு விட்டுப்போனால் உயிரோடு இருக்கிற கோட் போய்விடும். அப்புறம் ஓடும்போது நடக்கிற ஒவ்வொரு அழைப்பையும் கவனிக்க உதவும், சிஸ் மாட்யூலின் செட்ப்ரொஃபைலைப் போட்டு டெஸ்டுகளை ஓட்டுங்கள். உண்மையிலேயே கூப்பிட்டது எதுவோ அந்தப் புள்ளிக்கோடு முழுக்கோடாகும். ஓடாதது புள்ளிக்கோடாகவே இருக்கட்டும், டெஸ்ட் அந்தப் பக்கமே போகாமல் இருந்திருக்கலாம்.