இரவல் வாங்கிய பாட்டு

அனைவருக்கும் வணக்கம்.

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஒரு பெரியவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "ஜாஸ்காரங்க கோட்டு சூட்டு போட்டுக்கிட்டு சாக்ஸபோன் வாசிக்கிறாங்க. இந்த ராப் பசங்க கையை ஆட்டிக்கிட்டு வேகமாப் பேசுறாங்க. ரெண்டையும் எப்படிங்க ஒரே பாயில உட்கார வைப்பீங்க?" என்றார். நியாயமான கேள்விதான். காதை மட்டும் நம்பினால் இரண்டுக்கும் ஒட்டு உறவு இல்லை போலத்தான் தெரியும். அதனால் இன்றைக்கு ஒலியைக் கொஞ்சம் தள்ளி வைக்கிறேன். இந்த இரண்டு கூட்டமும் அடுத்தவர் பாட்டை எடுத்து என்ன செய்தது, அதற்கு யார் என்ன விலை கொடுத்தார்கள் என்பதுதான் என் பேச்சு.

1945 நவம்பர் 26. நியூயார்க்கில் ஓர் ஒலிப்பதிவுக் கூடம். சாக்ஸபோன் சார்லி பார்க்கர், வயது 25. ட்ரம்ஸ் மேக்ஸ் ரோச், வயது 21. ட்ரம்பெட் டிஸ்ஸி கில்லெஸ்பி. முன்னிசையை முடித்துவிட்டு 'செரோக்கி' என்ற பாட்டின் மெட்டை எடுக்கிறார்கள். ரே நோபிள் 1938இல் எழுதிய, அன்றைக்கு ஊருக்கே தெரிந்த பாட்டு அது. சில நொடிதான். கைதட்டல், விசில், நிறுத்து என்று ஒரு சத்தம். பாதியில் நின்றுபோன அந்தப் பதிவு இன்றும் இருக்கிறது, நீங்களே கேட்கலாம். ஏன் நிறுத்தினார்கள்? மெட்டை வாசித்தால் எழுதியவருக்குப் பணம் கட்ட வேண்டும் என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் காரணம். சரி என்று மறுபடி ஆரம்பிக்கிறார்கள். இந்த முறை மெட்டே கிடையாது. அதன் அடியில் ஓடும் கார்ட்ஸ், அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுகளின் வரிசை, மட்டும் அப்படியே இருக்கிறது. அதன் மேல் பார்க்கர் தன் பாட்டுக்குப் பறக்கிறார். புதுப் பெயர் 'கோ-கோ'. பீபாப் என்ற புது ஜாஸுக்கு முகவரி தந்த பதிவு அது.

இதில் ஒரு சட்டச் சூட்சுமம் இருக்கிறது. மெட்டுக்குக் காப்புரிமை உண்டு. கார்ட்ஸ் வரிசைக்கு அநேகமாகக் கிடையாது. அதனால் பீபாப்காரர்கள் தெரிந்த பாட்டின் எலும்புக்கூட்டை எடுத்துக்கொண்டு, தசையைத் தாங்களே வைத்தார்கள். 'ஹவ் ஹை தி மூன்' பாட்டின் கார்ட்ஸ் மேல் உட்கார்ந்திருப்பதுதான் 'ஆர்னிதாலஜி'. யாரும் திருட்டு என்று சொல்லவில்லை. மேதைமை என்றார்கள். நானும் அதைத்தான் சொல்வேன்.

இப்போது 1973 ஆகஸ்ட் 11. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதி, செட்ஜ்விக் அவென்யூ, கதவு எண் 1520. பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது, புதுத் துணி வாங்கக் காசு வேண்டும் என்று சிண்டி கேம்ப்பெல் என்ற பெண் கீழ்த்தளக் கூடத்தில் ஒரு பார்ட்டி வைக்கிறாள். பெண்களுக்கு 25 சென்ட், பையன்களுக்கு 50 சென்ட் நுழைவுக் கட்டணம். தட்டு சுழற்றுவது அவள் அண்ணன் கிளைவ். ஜமைக்காவில் பிறந்தவர், வயது 18. டிஜே கூல் ஹெர்க் என்றால் உங்களில் சிலருக்குத் தெரியும். அவர் கவனித்த விஷயம் சின்னது. பாட்டு ஓடும்போது பாதிப் பேர் சுவரோரம் நிற்கிறார்கள். பாடகர் ஓய்ந்து, ட்ரம்ஸும் தாளமும் மட்டும் மிஞ்சும் அந்தப் பத்துப் பதினைந்து நொடி வந்தால் எல்லாரும் நடுவுக்கு வந்து ஆடுகிறார்கள். அதற்குப் பெயர் பிரேக். அப்படியென்றால் பிரேக்கை மட்டும் போட்டால் என்ன? ஒரே இசைத்தட்டில் இரண்டு பிரதி, இரண்டு டர்ன்டேபிள். இதில் பிரேக் முடியும்போது அதில் ஆரம்பம். பத்து நொடி ஐந்து நிமிடமாகிறது. பின்னால் வந்த கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ், ஊசியை எங்கே இறக்குவது என்று தெரிய இசைத்தட்டின் மேலேயே கிரேயானால் கோடு போட்டு வைத்துக்கொண்டார். நம் வீட்டில் யாராவது ரெக்கார்டில் கோடு கிழித்திருந்தால் முதுகு பழுத்திருக்கும்.

பார்க்கர் செய்ததும் ஹெர்க் செய்ததும் ஒன்றுதான் என்பது என் கட்சி. தெரிந்த பாட்டில் தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதியைக் கழற்றிப் போட்டுவிட்டு, மேலே புதிதாக ஒன்றைக் கட்டுவது. ஆனால் ஒரு வித்தியாசம். பார்க்கர் எடுத்தது ஓசைக்கு அடியில் இருந்த கணக்கை. ஹெர்க் வழியில் வந்த, ராப்பைப் பெற்ற ஹிப்-ஹாப் எடுத்தது ஓசையையே. சட்டம் அங்கேதான் காத்துக்கொண்டிருந்தது.

1991 டிசம்பர். பிஸ் மார்க்கி என்ற ராப்பர், கில்பர்ட் ஓ'சல்லிவன் பாட்டிலிருந்து ஒரு துண்டை அனுமதியில்லாமல் சாம்பிள் செய்துவிட்டார், அதாவது பதிவிலிருந்தே வெட்டித் தன் பாட்டில் ஒட்டிவிட்டார் என்று வழக்கு. நீதிபதி தீர்ப்பை ஆரம்பித்ததே பைபிள் கட்டளையில்: களவு செய்யாதிருப்பாயாக. ஆல்பம் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. மனுஷன் அடுத்த ஆல்பத்துக்கு வைத்த பெயர், 'எல்லா சாம்பிளுக்கும் அனுமதி வாங்கியாச்சு' என்ற அர்த்தத்தில்! 2005இல் இன்னொரு மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டே நொடி கிட்டார் துண்டுக்கும் உரிமம் வாங்கு, இல்லாவிட்டால் தொடாதே என்றது. ஒரு பாட்டுக்குள் பத்துப் பதினைந்து துண்டுகளை நெருக்கி ஒட்டிய 80களின் ஆல்பங்கள் அதற்குப் பிறகு கட்டுப்படியாகாமல் போயின.

சட்டம் முழுக்க அநியாயம் என்றும் சொல்லிவிட முடியாது. 1969இல் 'ஆமென் பிரதர்' என்ற பாட்டில் கிரெகரி கோல்மன் என்பவர் ஆறேழு நொடி ட்ரம்ஸ் வாசித்தார். உலகத்தில் மிக அதிகமாக சாம்பிள் செய்யப்பட்ட துண்டுகளில் அது ஒன்று. அவருக்கு அதிலிருந்து ராயல்டி வரவில்லை. 2006இல் வீடு வாசல் இல்லாமல் இறந்துபோனார். ஆக, எடுத்தவன் பக்கம் மட்டும் நின்று பேசினால் என் பேச்சு பாதிதான்.

அப்புறம் போட்டி. நியூயார்க்கின் ஹார்லெமில் 118ஆம் தெருவில் மின்டன்ஸ் பிளேஹவுஸ் என்று ஓர் இடம். 40களின் தொடக்கத்தில் பியானோ வாசிக்கும் தெலோனியஸ் மங்க், கில்லெஸ்பி எல்லாரும் ராத்திரி அங்கே கூடுவார்கள். அரைகுறைகள் மேடையேறினால், வேண்டுமென்றே கார்ட்ஸை முறுக்கி, வேகத்தைக் கூட்டி விடுவார்கள். வந்தவர் தானாக இறங்கிப் போவார். அங்கிருந்து இரண்டே தெரு தள்ளி, 116ஆம் தெருவில் ஹார்லெம் வேர்ல்ட் என்ற அரங்கம். 1981 டிசம்பரில் அங்கே ராப் போட்டியில் பிஸி பீ என்பவர் கூட்டத்தைக் கைதட்ட வைத்து, கூவ வைத்து, வழக்கம்போல ஜெயிக்கப் பார்க்கிறார். இன்னொரு ராப்பர் கூல் மோ டீ ஏறி, வார்த்தைக்கு வார்த்தை அடுக்கி, அவரை ஆளில்லாமல் பண்ணிவிடுகிறார். எனக்கு இதில் முக்கியம் யார் ஜெயித்தார் என்பதல்ல. ஆட வந்த கூட்டம் நின்று கேட்க ஆரம்பித்தது. மின்டன்ஸிலும் அதுதான் நடந்தது. அதற்கு முந்தைய ஜாஸான ஸ்விங் ஆடுவதற்கு, பீபாப் கேட்பதற்கு. நாற்பது வருட இடைவெளியில், நடந்து போகிற தூரத்தில், அதே திருப்பம்.

போலீஸ் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அன்றைய நியூயார்க்கில் மது விற்கும் இடத்தில் வாசிக்க, போலீஸ் தரும் காபரே அட்டை என்ற அனுமதி வேண்டும். 1951இல் மங்க்குக்கு அது பறிபோனது. 1957 வரை சொந்த ஊர் கிளப்களில் அவரால் வாசிக்க முடியவில்லை. அந்த முறை ஒழிந்தது 1967இல். ராப்பர்களுக்கு அட்டை இல்லை, ஆனால் அவர்கள் எழுதிய வரிகளே நீதிமன்றத்தில் சாட்சியாக நிறுத்தப்படுகின்றன. அதற்குக் கட்டுப்பாடு வைத்து கலிஃபோர்னியா 2022இல்தான் சட்டம் போட்டது.

வெளியார் ஏச்சை விடுங்கள், வீட்டுக்குள் ஏச்சு இன்னும் சுவாரஸ்யம். பீபாப் வந்தபோது முந்தைய தலைமுறை ஜாஸ் மேதை லூயி ஆர்ம்ஸ்ட்ராங் வெளிப்படையாகக் கேலி செய்தார். 2018இல் ஜாஸ்காரர் விண்டன் மார்சாலிஸ், அமெரிக்க உள்நாட்டுப் போரில் அடிமைமுறையைக் காத்த தெற்கின் தளபதி ராபர்ட் லீயின் சிலையைவிட ராப் கறுப்பின மக்களுக்கு அதிகக் கேடு செய்கிறது என்கிற மாதிரி பேசினார். மார்சாலிஸின் ட்ரம்பெட்டுக்கு நான் அடிமை. பெண்களைப் பற்றி ராப்பில் வரும் வசைகள் மேல் அவருக்கு இருக்கும் கோபமும் எனக்குப் புரிகிறது. ஆனால் ஒரு இசை முழுவதையும் குப்பையில் தள்ளும்போது, அவர் ஆர்ம்ஸ்ட்ராங்கின் நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

எல்லாப் பெரியவர்களும் அப்படியில்லை. 'கோ-கோ'வில் ட்ரம்ஸ் வாசித்த பையன் மேக்ஸ் ரோச்சைச் சொன்னேனே, அவர் 1983இல், கிட்டத்தட்ட அறுபது வயதில், மன்ஹாட்டனில் ஒரு மேடையில் ராப்பர் ஃபேப் ஃபைவ் ஃபிரெட்டியோடும் பிரேக் டான்ஸ் ஆடும் பையன்களோடும் சேர்ந்து வாசித்தார். ஃபிரெட்டிக்கு அவர் ஞானத்தகப்பன் முறை. ராப்பர் ராக்கிம் சின்ன வயதில் சாக்ஸபோன் வாசித்தவர். ஜாஸ் சாக்ஸபோன்காரர் ஜான் கோல்ட்ரேன் மூச்சை நீட்டி வாசிப்பதைக் கேட்டுத்தான் வரியின் முடிவில் நிற்காமல் அடுத்த வரிக்குள் தாவக் கற்றேன் என்கிற ரீதியில் அவரே சொல்லியிருக்கிறார்.

கடைசியாக ஒரு அப்பா, ஒரு மகன். அப்பா ஓலு டாரா, மிசிசிப்பியில் பிறந்து நியூயார்க்கில் கார்னெட் வாசித்த ஜாஸ்காரர். கார்னெட் என்பது ட்ரம்பெட் மாதிரி ஓர் ஊதுகருவி. மகன் பிறந்தது 1973 செப்டம்பரில், அந்த பிராங்க்ஸ் பார்ட்டி நடந்து ஒரு மாதம் கழித்து. ராப் உலகில் நாஸ் என்றால் தெரியும். 1994இல் அவருடைய முதல் ஆல்பம் 'இல்மாடிக்'. அதில் மூன்றாவது பாட்டில் இளைஞர்கள் இருவர், சாவு எப்போது வேண்டுமானாலும் வரும் என்று விட்டேற்றியாகப் பேசிக்கொண்டே போகிறார்கள். பேச்சு முடிகிறது. பீட் மட்டும் ஓடுகிறது. அதற்குள் மெதுவாக ஒரு கார்னெட் நுழைகிறது. அப்பா.

தம்பி, அந்தத் தட்டைப் போடுப்பா. ஃபேனைக் கொஞ்சம் நிறுத்துங்கள், சத்தம் கேட்கட்டும்.