கண் ஒரு வழி, லென்ஸ் ஒரு வழி

நேயர்களுக்கு வணக்கம். டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். கேமராவில் கை பழகியவர்கள் ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவுக்கு மாறும்போது எதெல்லாம் மாறும், படம் எங்கே கெடும், ஏன் கெடும் என்பதுதான் இன்றைய பேச்சு.

எஸ்.எல்.ஆரில் லென்ஸ் வழியே வந்த ஒளி உள்ளே இருக்கும் கண்ணாடியில் பட்டு, மேலே ஏறி, உங்கள் கண்ணுக்கு வந்து சேர்கிறது. லென்ஸ் எதைப் பார்க்கிறதோ அதையே நீங்களும் பார்க்கிறீர்கள். ரேஞ்ச்ஃபைண்டரில் அப்படி இல்லை. கேமராவின் இடது மேல் மூலையில் இருக்கும் தனிச் சாளரம் வழியாகத்தான் உங்கள் கண் வெளியே பார்க்கிறது. அதிலிருந்து சில சென்டிமீட்டர் தள்ளி இன்னொரு சின்னச் சாளரம் உண்டு. அதன் பிம்பம், கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரின் நடுவே ஒரு சிறு கட்டமாக விழும். லென்ஸின் பின்புற விளிம்பு, கேமராவுக்குள் இருக்கும் சிறிய உருளையைத் தள்ளும். ஃபோகஸ் வளையத்தைத் திருப்பினால் உருளை நகரும், அதோடு அந்தக் கட்டத்துப் பிம்பமும் பக்கவாட்டில் நகரும். இரட்டையாகத் தெரியும் முகம் ஒன்றாகச் சேரும் இடத்தில் ஃபோகஸ் சரி. முக்கோணக் கணக்கில் தூரத்தை அளக்கும் எந்திரம் இது, அவ்வளவுதான்.

இதனால் முதல் வாரத்தில் வரும் சிக்கல்கள் எல்லாருக்கும் ஒன்றுதான். லென்ஸ் மூடியைக் கழற்ற மறந்தாலும் வியூஃபைண்டர் பளிச்சென்று இருக்கும். விரல் லென்ஸை மறைத்தாலும் தெரியாது. எல்லாத் தூரமும் எப்போதும் ஒரே தெளிவாகத் தெரிவதால், பின்புலம் எவ்வளவு மங்கும் என்று கண் சொல்லாது, மனம்தான் கணக்கிட வேண்டும். பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் வடிகட்டியின் விளைவும் தெரியாது. அதைக் கையில் பிடித்துக் கண்முன் வைத்துச் சுழற்றி, பிடித்த நிலையில் விளிம்பிலுள்ள குறி எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்த்து, அதே நிலையில் லென்ஸில் பொருத்த வேண்டும். பக்க வெளிச்சத்தைத் தடுக்க லென்ஸின் முன் பெரிய ஹுட் போட்டால் வியூஃபைண்டரின் வலது கீழ் மூலை மறையும். பக்கத்தில் துளை வெட்டிய ஹுட்கள் அதற்காகவே செய்யப்படுகின்றன.

அடுத்தது ஃபிரேம் கோடுகள். எந்த லென்ஸ் போட்டாலும் வியூஃபைண்டரில் தெரியும் காட்சியின் அளவு மாறாது. அதற்குள் வெள்ளைக் கோடுகளால் ஆன கட்டம்தான் மாறும். லைக்கா எம்6 என்ற ஃபிலிம் ரேஞ்ச்ஃபைண்டரில் இவை, லென்ஸின் குவியத் தூர மி.மீ. கணக்கில், இரண்டிரண்டாக வரும்: 28-உம் 90-உம், 35-உம் 135-உம், 50-உம் 75-உம். கட்டத்துக்கு வெளியேயும் காட்சி தெரிவதால், ஒருவர் படத்துக்குள் நடந்து வருவதை முன்கூட்டியே பார்க்கலாம். இந்த வகைக் கேமராவின் பெரிய வரம் இதுதான் என்பது என் கருத்து.

ஆனால் அந்தக் கோடுகளை அப்படியே நம்பிவிடக் கூடாது. கிட்டே ஃபோகஸ் செய்யும்போது கட்டம் தானாகவே லென்ஸ் பக்கம் சாய்ந்து, கண்ணும் லென்ஸும் வேறு இடத்திலிருந்து பார்ப்பதால் வரும் இடமாறு தோற்றப் பிழையைச் சரிசெய்யும். இடம்தான் மாறும், அளவு மாறாது. கிட்டத் தூரத்தில் வெட்டுப்படாமல் இருக்கக் கட்டத்தைச் சற்றுச் சிறிதாகவே வைத்திருப்பதால், தூரக் காட்சிகளில் நீங்கள் நினைத்ததைவிட அதிகம் படத்தில் விழும். விளிம்பு வரை துல்லியமாகக் கட்டம் கட்டிப் பழகியவர்களுக்கு இது முதலில் எரிச்சலாகத்தான் இருக்கும். இன்னொன்று, கோடு எவ்வளவு நகர்ந்தாலும் சாளரமும் லென்ஸும் வெவ்வேறு இடத்தில்தான் இருக்கின்றன. கண்ணுக்கு விலகித் தெரிந்த கம்பம் படத்தில் ஒருவரின் தலையிலிருந்து முளைத்தது போல் நிற்கலாம். ஒரு மீட்டரில் படம் எடுக்கும்போது முன்பொருளும் பின்பொருளும் நெருங்கி நிற்காதபடி கொஞ்சம் இடம் விட்டுக் கட்டுங்கள்.

இனி ஃபோகஸ். தானியங்கி ஃபோகஸ் கிடையாது. நடுக் கட்டம் மட்டுமே அளக்கும். பிம்பம் பக்கவாட்டில் மட்டும் நகர்வதால் செங்குத்துக் கோடுகளில்தான் அது துல்லியமாகப் பிடிபடும். படிக்கட்டு, அலமாரித் தட்டு போன்ற கிடைக்கோடுகளில் பிடிக்காது. கேமராவை ஒரு கணம் நிமிர்த்திப் பிடித்து ஃபோகஸ் செய்து, பிறகு திருப்பிக்கொள்ளுங்கள். கம்பி அழி போல ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வரும் வடிவங்களில் ஒரு கம்பி பக்கத்துக் கம்பியோடு பொருந்தி ஏமாற்றும். அங்கே வளையத்தில் உள்ள தூர எண்ணையும் ஒருமுறை பாருங்கள். எதிர்வெளிச்சத்தில் கட்டம் வெளுத்துப் போனால் கண்ணைச் சாளரத்தின் நடுவுக்கு நகர்த்துங்கள், திரும்பி வரும்.

நடுவில் ஃபோகஸ் செய்து, பிறகு கேமராவைத் திருப்பிக் கட்டம் அமைக்கும் பழக்கத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. 50 மி.மீ. லென்ஸ், துளை எஃப் 1.4 (எண் சிறிதானால் துளை பெரிது), தூரம் 1 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கண்ணில் ஃபோகஸ் செய்து, அது படத்தின் ஓரத்துக்குப் போகும்படி 15 டிகிரி திருப்புகிறீர்கள். ஃபோகஸ் தளம் தட்டையானது. அது கேமராவுக்கு நேரே 1 மீட்டரில்தான் நிற்கும். கண்ணோ இப்போது, கேமராவுக்கு நேரே அளந்தால், சுமார் 96.6 செ.மீ.யில் இருக்கிறது. பிழை மூன்றரை செ.மீ.க்குச் சற்றுக் குறைவு. இந்த அமைப்பில் தெளிவாக விழும் ஆழம் மொத்தமே ஏறக்குறைய 3 செ.மீ., அதாவது முன்னே ஒன்றரை, பின்னே ஒன்றரை. ஆகவே காதில் தெளிவும் கண்ணில் மங்கலும் வரும். பலர் கேமராவைப் பழுது பார்க்க அனுப்புவது இதற்காகத்தான், அதில் ஒரு பழுதும் இருக்காது. திருப்பிய பிறகு உடம்பை மூன்று செ.மீ. பின்னே சாய்த்தால் சரியாகும். எஃப் 2.8-க்கு மூடினால் பெரும்பாலும் அதுவும் தேவைப்படாது.

உண்மையான பழுதும் உண்டு. கேமரா கீழே விழுந்தாலோ பலமாக அதிர்ந்தாலோ உருளை நிலை மாறிவிடும். பழைய கேமரா வாங்குமுன் இதைச் சோதிப்பது கட்டாயம். பல கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கோபுரத்தையோ நிலாவையோ பாருங்கள். வளையத்தை முடிவிலிக் குறி வரை, நிற்கும் இடம் வரை திருப்புங்கள். இரண்டு பிம்பமும் முழுவதும் ஒன்றாக வேண்டும். ஒன்று மேலே, ஒன்று கீழே நின்றால் அது செங்குத்து விலகல். ஃபோகஸ் அளவைப் பெரிதாகக் கெடுக்காது, கண்ணைத்தான் களைப்படையச் செய்யும். அடுத்துக் கிட்டத் தூரம். கேமராவை முக்காலியில் வைத்து, 1 மீட்டர் தள்ளி ஓர் அளவுகோலை 45 டிகிரி சாய்த்து வையுங்கள். துளையை முழுவதும் திறந்து, நடுக் கோட்டில் ஃபோகஸ் செய்து ஐந்து படம் எடுங்கள். ஒவ்வொரு முறையும் வளையத்தைக் கலைத்து, புதிதாக ஃபோகஸ் செய்ய வேண்டும். ஐந்தும் ஒரே பக்கம் விலகினால் கருவியில் பிழை, இங்கும் அங்குமாகச் சிதறினால் கையில் பிழை. வேறொரு லென்ஸிலும் அதே விலகல் வந்தால் கேமரா, வராவிட்டால் லென்ஸ். உருளையைத் திருகி முடிவிலியை மட்டும் நீங்களே சரிசெய்துவிடலாம் என்று தோன்றும். கிட்டத் தூரத்துக்கான சரிசெய்தல் வேறாக இருக்கிறது. ஒன்றைத் தொட்டால் மற்றதையும் பார்க்க வேண்டும், எனவே பழகிய கையிடம் கொடுங்கள்.

எந்தக் கேமரா உடல், எந்த லென்ஸ்? இரண்டு சாளரங்களுக்கு இடையிலான தூரத்தை வியூஃபைண்டரின் உருப்பெருக்கத்தால் பெருக்குங்கள். அந்த எண் பெரிதானால் ஃபோகஸ் துல்லியம் கூடும். 1954-இல் வந்த லைக்கா எம்3-இல் 68.5 மி.மீ. பெருக்கல் 0.91, சுமார் 62. உருப்பெருக்கம் 0.72 உள்ள எம் உடல்களில் சுமார் 50. 1973-இல் வந்த சின்ன லைக்கா சி.எல். கேமராவில் 19 மட்டுமே. அதற்கென்று செய்த லென்ஸ்கள் 40 மி.மீ. எஃப் 2-உம் 90 மி.மீ. எஃப் 4-உம் என்பதைக் கவனியுங்கள். அதில் 90 எஃப் 2 போட்டு முழுத் துளையில் முகம் எடுப்பது சூதாட்டம். எம்3-இலோ 35 மி.மீ. கட்டமே கிடையாது, அகலக் கோணம் வேண்டுவோர் 1957-இல் வந்த எம்2 பக்கம் போனார்கள். கண்ணாடி அணிபவர்களுக்கு 0.72 உடலில் 28-இன் கட்டம் முழுவதும் தெரியாது, 35 ஓரளவு தெரியும். அதனால் முதல் லென்ஸாக 35 எஃப் 2 அல்லது 50 எஃப் 2 எடுங்கள். எஃப் 1.4 அவசரமில்லை.

உங்கள் எஸ்.எல்.ஆர். லென்ஸ்கள் இங்கே உதவா. லைக்கா எம் மவுண்டில் லென்ஸ் பொருந்தும் தளத்துக்கும் ஃபிலிமுக்கும் இடைவெளி 27.8 மி.மீ., கேனான் இ.எஃப். மவுண்டில் 44, நிக்கான் எஃப் மவுண்டில் 46.5. இடைவளையம் போட்டு மாட்டலாம்தான், உருளையைத் தள்ள அதில் எதுவும் இராது, அதனால் வியூஃபைண்டரில் ஃபோகஸ் பார்க்க முடியாது. மாறாக, பழைய 39 மி.மீ. திருகு லென்ஸ்கள் 1 மி.மீ. தடிமனுள்ள வளையத்தோடு எம் உடலில் முழுமையாக வேலை செய்யும்.

ஒளி அளவையும் ஷட்டரும் சுருக்கமாக. எம்6-இல் ஷட்டர் திரையிலுள்ள 12 மி.மீ. வெள்ளை வட்டத்தில் பட்டுத் திரும்பும் ஒளியைத்தான் மீட்டர் அளக்கிறது. வானம் நடுவில் விழுந்தால் முகம் இருண்டுவிடும். நிழலில் அளந்து, அதே அமைப்பை வைத்துக்கொண்டு படமெடுங்கள். ஷட்டரின் உச்ச வேகம் 1/1000 நொடி. ஒளியுணர்திறன் ஐஎஸ்ஓ 400 உள்ள ஃபிலிமோடு நல்ல வெயிலில் எஃப் 11 அளவுக்கு மூடியே ஆக வேண்டும், 1/8000 வேகம் பழகியவர்கள் இதில் தடுக்கி விழுவார்கள். ஃபிளாஷோடு ஒத்துப்போகும் உச்ச வேகம் 1/50 மட்டுமே, வெயிலில் நிழலை நிரப்ப ஃபிளாஷ் போட வழியில்லை. திரை துணியால் ஆனது, முன்னே மறைக்கக் கண்ணாடியும் இல்லை. சூரியனை நோக்கி மூடியில்லாமல் விட்டால் லென்ஸ் பூதக்கண்ணாடியாகித் திரையில் ஓட்டை போட்டுவிடும். தோளில் தொங்கும்போது துளையை எஃப் 16-க்கு மூடி, லென்ஸை உடம்புப் பக்கம் திருப்பி வையுங்கள்.

பறவைகள், விளையாட்டு, பூச்சிகள் என்று எடுப்பவர்கள் எஸ்.எல்.ஆரை விற்க வேண்டாம். இங்கே 135 மி.மீ. தான் எல்லை, ஃபோகஸ் ஆகும் மிகக் கிட்டத் தூரம் பெரும்பாலும் 0.7 மீட்டர், பழைய லென்ஸ்களில் 1 மீட்டர்.

தெருவில் நடந்து எடுப்பவர்களுக்கோ இது வேறு உலகம். 35 மி.மீ. லென்ஸை எஃப் 8-இல் வைத்து வளையத்தை 3 மீட்டரில் நிறுத்தினால், சுமார் 1.9 மீட்டரிலிருந்து 7 மீட்டர் வரை தெளிவு. இது ஃபிலிம் காலத்து அளவுகோல். டிஜிட்டலில் பெரிதாக்கிப் பார்ப்பீர்கள் என்றால் எஃப் 8-இல் வைத்துவிட்டு, லென்ஸில் எஃப் 5.6-க்கான குறிகளைப் படியுங்கள், 2.1 முதல் 5 மீட்டர் வரை கிடைக்கும். லென்ஸின் அடியில் விரல் வைக்கும் பிடி இருந்தால், அது நேர் கீழே நிற்கும்போது எத்தனை மீட்டர், இடப்பக்கம் போனால் எத்தனை, வலப்பக்கம் போனால் எத்தனை என்று உங்கள் லென்ஸில் பார்த்து மனத்தில் வையுங்கள். தினமும் பத்து நிமிடம், படமே எடுக்காமல், எதிரில் உள்ள நாற்காலி எத்தனை மீட்டர் என்று ஊகித்து, விரலால் வளையத்தை அங்கே கொண்டுபோய், பிறகு வியூஃபைண்டரில் சரிபாருங்கள். முதலில் 1, 2, 3 மீட்டர். அவை பழகிய பின் ஒன்றரையும் ஐந்தும்.

நன்றி, வணக்கம்.